குறையே இல்லாத ஃப்ரேம்வொர்க்

மருதபுரி ராஜா மாறவேலருக்கு மத்தியானத் தூக்கம் என்றால் உயிர். குறை சொல்ல வரும் ஜனங்கள் அரண்மனை மணியை அடித்தே அதைக் கெடுத்தார்கள். "வீட்டிலிருந்தே குறைகளை எழுத ஒரு வெப்சைட் கட்டு" என்று சபையின் வாய்த்துடுக்குக்காரன் காளத்தியிடம் சொன்னார். ராஜா காலத்தில் ஏது வெப்சைட் என்று கேட்காதீர்கள். கேட்டால் கதை நகராது.

காளத்தி 'தோரணம்' என்ற ஃப்ரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுத்தான். வெப்சைட் கட்டத் தேவையான தூணும் உத்தரமும் அதில் தயாராக இருக்கும். ஓப்பன் சோர்ஸ் வேறு. யாரும் உள்ளே பார்க்கலாம், திருத்தலாம்.

மந்திரி சங்கநிதிக்கு வயிறு எரிந்தது. அவர் மச்சினன் 'இரும்புப்பெட்டி' என்று மூடி முத்திரையிட்ட ஒரு ஃப்ரேம்வொர்க் விற்றுக்கொண்டிருந்தான். காளத்தியின் ஆசனத்தின் மேலும் அவனுக்கு ஒரு கண்.

மந்திரி தோரணத்தின் குறைப் பக்கத்தைத் திறந்து ராஜாவிடம் காட்டினார். "மகாராஜா, இதைப் பாருங்கள்! தோரணத்தில் எத்தனை குறைகள்! அதைச் செய்தவர்களே ஊரறிய எழுதி வைத்திருக்கிறார்கள். இரும்புப்பெட்டியைப் பற்றி ஒரு குறை உண்டா?"

ராஜா அரண்டுபோனார். "காளத்தி! மூன்று நாளில் குறையே இல்லாத ஃப்ரேம்வொர்க் கொண்டு வா. இல்லையென்றால் உன் ஆசனம் மந்திரியின் மச்சினனுக்கு!"

மூன்றாம் நாள் காளத்தி லேப்டாப்போடு வந்தான். தலைப்பாகைக்குள் காதோரமாக ஒரு போனைச் செருகியிருந்தான்.

"அது என்னடா காதில்?"

"அப்புறம் சொல்கிறேன் மகாராஜா. முதலில் இதோ, ஒரு குறைகூட எழுதப்படாத ஃப்ரேம்வொர்க்."

"பலே! யார் செய்தது?"

"நான்தான். காலையில் பல் தேய்க்கும்போது."

"யார் யார் உபயோகிக்கிறார்கள்?"

"யாருமில்லை. அதனால்தான் குறையில்லை."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா முகம் சிவந்தது. "விளையாடுகிறாயா?"

"இல்லை மகாராஜா, பயப்படுகிறேன். நம் வெப்சைட்டில் ஜனங்கள் குறைகளை எழுதிக் குவிப்பார்கள். அதைப் பார்த்து பக்கத்து நாட்டு ராஜா, மருதபுரி ஆட்சி மோசம் என்று சொல்லிவிட்டால்?"

"சொல்வானா அவன்? எழுதினால் நான் தீர்த்து வைக்கிறேன்! எழுதவே விடாதவன் ஆட்சிதானே மோசம்?"

"அப்படிச் சொல்லுங்கள்! நானும் அதைத்தான் சோதித்தேன். நம் ஊர்ப் பெயர்களின் நீளம் தாங்காமல் இரண்டு ஃப்ரேம்வொர்க்கிலும் பாதிப் பெயர் காணாமல் போகிறது. தோரணத்தின் குறைப் பக்கத்தில் எழுதினேன். யாரோ முகம் தெரியாத புண்ணியவான் மறுநாளே சரிசெய்துவிட்டார்."

"இரும்புப்பெட்டி?"

"அதில் குறை எழுத இடமே இல்லை. போன்தான் போடவேண்டுமாம். முந்தாநாள் போட்டேன்."

காளத்தி தலைப்பாகையிலிருந்து போனை எடுத்து ஸ்பீக்கரில் வைத்தான். நாதஸ்வரம் ஒலித்தது. நடுவே மச்சினனின் குரல் குழைந்தது: "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து காத்திருக்கவும்."

மந்திரி தூணுக்குப் பின்னால் நகர்ந்தார். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் காளத்திக்குப் போட்டார்.

"தோரணத்திலேயே கட்டு! திறந்ததும் முதல் குறையை நானே எழுதுகிறேன்."

"என்ன குறை மகாராஜா?"

"மந்திரியின் மச்சினன் போனை எடுக்க மாட்டேனென்கிறான்!"