அப்பளக் கம்பெனிக்கு நாலு முதலாளிகள்

கோமதியம்மாள் அப்பளக் கம்பெனியில் நாங்கள் நாலு பேர் வேலை பார்த்தோம். மாசானம் அண்ணன் மாவு இடிப்பார். பிரமு அக்கா உருட்டும். ஆவுடையப்பன் தேய்ப்பான். குத்தாலமாகிய நான் காயப்போட்டு எடுப்பேன். எங்களைப் பற்றி ஊரில் பல கதை சொல்வார்கள். பாதி பொய். இது மீதிப் பாதியில் ஒன்று.

ஆயுத பூஜை அன்றைக்குக் கோமதியம்மாள் எல்லோருக்கும் பொரிகடலை கொடுத்துவிட்டு ரெண்டு வார்த்தை பேசினார்.

"இத என் கம்பெனின்னு நினைக்காதீங்க. உங்க கம்பெனி. இனிமே நீங்கதான் முதலாளி."

பிரமு அக்கா அழுதுவிட்டது. நானும் அழுதேன். முதலாளியாக இருந்து நான் அழுதது அதுதான் முதல் தடவை.

மறுநாள் வேலைக்கு வந்ததும் மாசானம் அண்ணன் உலக்கை பக்கம் போனார். போனவர் பாதியில் நின்றார்.

"முதலாளி மாவு இடிப்பாங்களா?"

யோசித்துப் பார்த்தோம். கோமதியம்மாள் மாவு இடித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"அப்ப முதலாளிக்கு என்னதான் வேலை?"

"நாற்காலியில இருப்பாங்க. பத்து மணிக்கு டீ குடிப்பாங்க. நடுவுல நடுவுல 'ஆச்சா'ன்னு கேப்பாங்க," என்றான் ஆவுடையப்பன். எங்களில் அவன்தான் கவனிக்கிற ஆள்.

"லேசான வேலை இல்ல," என்றது பிரமு அக்கா. "இருந்தாலும் நம்ம கம்பெனி. நாமதான பாக்கணும்."

நாற்காலி ஒன்றுதான் இருந்தது. ஆளுக்குக் கால்வாசி என்று நாலு பேரும் நாலு திசையைப் பார்த்து உட்கார்ந்தோம். டீ வந்தது, குடித்தோம். மாசானம் அண்ணன் "ஆச்சா" என்று கேட்டார். பதில் சொல்ல ஆள் இல்லை. கம்பெனிக்கு ஆள் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அந்த நேரம் பார்த்துக் கோமதியம்மாள் உள்ளே வந்தார்.

"என்ன விஷயமா வந்தீங்கம்மா?" மாசானம் அண்ணன் மரியாதையாகத்தான் கேட்டார்.

"வேலை கேட்டு வந்திருப்பாங்க, பாவம்," என்று பிரமு அக்கா என் காதில் சொன்னது.

கோமதியம்மாளுக்கு எங்களை ஒன்பது வருஷமாகத் தெரியும். நாளை மறுநாள் மேலத்தெரு நல்லபெருமாள் மகள் கல்யாணம். பந்திக்கு அப்பளம் போயாக வேண்டும். எங்களுக்குப் புரியவைக்க உட்கார்ந்தால் அந்தப் பெண்ணுக்குப் பிள்ளையே பிறந்துவிடும் என்று அவர் நினைத்திருக்கலாம்.

"ஆமா, வேலைக்குத்தான் வந்தேன்," என்றார்.

"முன்ன எங்கயாவது வேலை பாத்திருக்கீங்களா?"

"இருபது வருஷமா ஒரு அப்பளக் கம்பெனி."

"அத ஏன் விட்டீங்க?"

"ஆளுங்க சரியில்ல."

நாலு பேரும் உச்சுக்கொட்டினோம். அந்த ஆட்களை நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வந்தது. அப்போதே சேர்த்துக்கொண்டோம்.

கோமதியம்மாள் ஒத்தை ஆளாக இடித்து, உருட்டி, தேய்த்து, மொட்டை மாடியில் பாய் விரித்துக் காயப்போட்டார். நாங்கள் முறை வைத்து "ஆச்சா" கேட்டோம். "இன்னும் கொஞ்சம் மெல்லிசா இருக்கலாம்" என்று நான் ஒரு யோசனையும் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். முதலாளி என்கிற மரியாதை கண்ணிலேயே தெரிந்தது.

மூன்று மணிக்கு அவர் குடையை எடுத்தார். "மேலத்தெரு வரைக்கும் போயிட்டு வாரேன். மழை வந்தா அப்பளத்த எடுத்து உள்ள வைங்க."

நாலு மணிக்குத் தூறல் போட்டது. மாடியில் கூடிப் பேசினோம்.

"எடுத்து வைக்கணுமோ?" என்றேன்.

"சொன்னது யாரு? காலையில சேர்ந்த ஆளு," என்றார் மாசானம் அண்ணன். "அவங்க சொல்லி நாம குனியலாமா?"

"அப்ப நம்மள்ல ஒருத்தர் சொல்லட்டும், மத்தவங்க எடுக்கலாம்," என்றான் ஆவுடையப்பன்.

நல்ல யோசனைதான். ஆனால் நாலு பேருமே சொல்லத்தான் தயாராக இருந்தோம்.

"எடுங்க," என்றார் மாசானம் அண்ணன்.

"எடுங்க," என்றது பிரமு அக்கா.

நானும் சொன்னேன். மழை வலுத்தது. அப்பளம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பாயோடு பாயாகக் கரைந்தது. ஒன்பது வருஷம் அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்ட கை என்னுடையது. கை தானாக நீண்டது. மாசானம் அண்ணன் என்னைப் பார்த்தார். கையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

கோமதியம்மாள் நல்லபெருமாளோடு திரும்பி வந்தார். அப்பளத்தைப் பார்க்க வந்த மனுஷன் பாயில் மாவைப் பார்த்தார். அவர் பட்டாளத்தில் இருந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார்.

"இங்க முதலாளி யாரு?"

நாலு பேரும் ஒரே நேரத்தில் கோமதியம்மாளைக் காட்டினோம்.

"நான் இன்னைக்குக் காலையிலதாங்க வேலைக்குச் சேந்தேன்," என்றார் கோமதியம்மாள். "முதலாளிங்க அவங்க நாலு பேரும்தான்."

நல்லபெருமாள் எங்களை வரிசையாகப் பார்த்தார். "பந்தியில அப்பளம் இல்லேன்னா, இலைக்கு இலை உங்களத்தான் வச்சு நொறுக்குவேன்."

அன்று சாயங்காலமும் மறுநாளும் நாங்கள் இடித்த மாதிரி எவரும் இடித்திருக்க மாட்டார்கள். நல்லவேளை, மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. அப்பளம் காய்ந்து, கல்யாணத்துக்குப் போய், பூவாகப் பொரிந்தது.

எங்களுக்குத்தான் மனசு ஆறவில்லை. ரெண்டு நாளாக இடுப்பு ஒடிய வேலை பார்த்திருக்கிறோம். நாலு முதலாளிகள் இருந்தும் ஒருத்தராவது "ஒரு வாய் தண்ணி குடி" என்று எங்களிடம் சொல்லவில்லை. உடனே வேலைநிறுத்தம் அறிவித்தோம். முதலாளிகள் என்ற முறையில் நாங்களும் பெருந்தன்மையாகப் பேச்சுவார்த்தைக்குச் சம்மதித்தோம்.

கூடத்தில் எதிரும் புதிருமாக ரெண்டு பெஞ்சு போட்டோம். முதலில் முதலாளிகளுக்கான பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். அரை மணி நேரம் ஆயிற்று. எதிர் பெஞ்சுக்கு ஒருத்தரும் வரவில்லை.

"பாத்தீங்களா," என்றார் மாசானம் அண்ணன். "தொழிலாளிங்களுக்கு அவ்வளவு திமிரு."

எழுந்து தொழிலாளிகள் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தோம். அங்கேயும் அரை மணி நேரம். எதிரே ஒரு முதலாளியைக்கூடக் காணோம்.

"இவங்க அதுக்கு மேல," என்றது பிரமு அக்கா.

இப்படிப்பட்ட ஆட்களை வைத்துக்கொண்டு கம்பெனி நடக்காது என்று எங்களுக்குப் புரிந்தது. ரெண்டு தரப்பையும் அன்றைக்கே வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதினோம். நாலு பேரும் எட்டுக் கையெழுத்துப் போட்டுக் கோமதியம்மாளிடம் கொடுத்தோம்.