பட்டினித் தோட்டா

மலையடிவாரத்து ஊர் ஒன்றில், சவரிராயன் வீட்டு மாடி அறையில், ஒரு மேசை இருந்தது. அந்த மேசையைச் சுற்றியிருந்த பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் வாய் உண்டு. காதுதான் ஒன்றுக்கும் கிடையாது.

ராயனுக்குத் துப்பாக்கிச் சங்கத்தில் குறிபார்த்துச் சுடுவது பொழுதுபோக்கு. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, உரிய அனுமதியோடு, வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்வார். அவர் மனைவி டெல்பின் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, இது கொழுக்கட்டை பிடிக்கிற வேலைதான் என்றாள். கூடு மேல்மாவு. அடியில் பொத்தான் மாதிரி, குத்தினால் பொறி விடுகிற ஒரு கேப்பு. பூரணத்துக்குப் பதில் வெடிமருந்து. மேலே குண்டை வைத்து வாயை மூடினால் தோட்டா ரெடி. ஒரே ஒரு வித்தியாசம், கொழுக்கட்டையில் பூரணம் கூடிப்போனால் மாவுதான் கிழியும்.

அந்தப் பித்தளைக் கூடுகளில் ஒன்றுக்குக் கீறல் என்று பெயர். விளிம்பில் மெல்லிய கோடு ஒன்று விழுந்திருந்ததால் மற்றவை வைத்த பெயர். ஏற்கெனவே நான்கு முறை வெடித்த கூடு அது. நான்கு முறையும் ராயனுடைய கன்னத்துக்கு நாலு விரல் தள்ளித்தான் வெடித்தது. அந்தக் கன்னத்தில் அநேகமாக எப்போதும் கேழ்வரகுக் கூழ் ஒட்டியிருக்கும். கைக்குழந்தை நிலானி அப்பாவுக்கு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவாள். துப்பாக்கிக்குள் இருக்கும் இருட்டில் அந்தக் கூழ் வாசனை வரும்போது, பதமாக வெடிக்க வேண்டுமே என்று கீறலுக்கு ஒரு கவலை வந்துபோகும்.

மேசைக்கு மேலே சுவரில் விதிப்பலகை தொங்கியது. தங்க நிறச் சட்டம், உள்ளே எட்டு விதிகள். அதற்கு நாள் முழுக்க ஒப்பிப்பதுதான் வேலை. எந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும் அதில் தோட்டா இருப்பதாகவே நினை. சுடக்கூடாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே. சுடுகிற கணம் வரை விசையில் விரல் வைக்காதே. இப்படி ஏழு விதிகளைக் கணீரென்று சொல்லும். எட்டாவது வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். காரணம், ராயன் தன் முதல் பதக்கத்தை அந்தச் சட்டத்தின் ஆணியில்தான் மாட்டியிருந்தார். நீள ரிப்பனில் தொங்கிய பதக்கம் சரியாக எட்டாவது விதியை மூடிக்கொண்டிருந்தது.

ராயனும் பலகைக்குச் சளைத்தவர் இல்லை. சங்கத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் பிடித்து உட்கார்த்தி வைத்துப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவார். வீட்டில் பேச வந்தால் மட்டும் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். குழந்தை தவழ ஆரம்பித்த அன்று, துப்பாக்கி பீரோவுக்கு ஒரு பூட்டும் தோட்டாப் பெட்டிக்கு வேறொரு பூட்டும் வேண்டும் என்று டெல்பின் கேட்டதற்கு, சிஸ்டர்மாரிடம் படித்தவளுக்குப் பட்டாசுச் சத்தத்துக்கே ஜெபமாலை தேவைப்படும் என்று கேலி செய்தார். அவள் விடவில்லை. இரண்டு பூட்டும் வந்தன. இரண்டு சாவியும் அவள் இடுப்பிலேயே இருந்தன.

சங்கப் போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம். கூடுகள் மரப்பலகைக் குழிகளில் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன, பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவர்கள் மாதிரி. தராசு ஒவ்வொரு பங்காக நிறுத்துக் கொடுத்தது. புனல் பரிமாறிக்கொண்டு வந்தது. கீறலுக்கு முன்னால் நின்ற கூடு மினுக்கன். மேலெல்லாம் பளபளப்பு, பேச்செல்லாம் பெருமை. மினுக்கன் வாயில் மருந்து விழுந்தது. அடுத்தது கீறல்.

அப்போது போன் அடித்தது. சங்கத்துச் செயலாளர் கந்தப்பன். தானும் வீட்டிலேயே நிரப்பலாம் என்றிருப்பதாகவும், முதலில் எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றும் கேட்டார்.

ராயன் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். "மருந்து நிரப்பும்போது கவனம் சிதறவே கூடாது, கந்தப்பன். அதுதான் முதல் பாடம்."

அந்தப் பாடத்தை அவர் சாவகாசமாக நடத்தினார். ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பாதான் மேசையில் இருக்க வேண்டும் என்றார். கண்ணால் மதிப்புப் போடாமல் எடை போட வேண்டும் என்றார். நடுவில் யாராவது கூப்பிட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். எல்லாம் சரியான பாடம். பேச்சோடு பேச்சாகக் கை மறுபடி வேலையைத் தொடங்கியது. புனல் மினுக்கனின் வாயிலேயே போய் உட்கார்ந்தது. இரண்டாவது பங்கும் உள்ளே போனது. மருந்து கொஞ்சம், கூட்டின் வயிறு பெரிது. அதனால் ஒரு மணிகூட வெளியே சிந்தவில்லை. பிறகு புனல் கீறலைத் தாண்டி அடுத்த கூட்டுக்குப் போய்விட்டது.

கீறல் வாயைத் திறந்தபடியே நின்றது. எனக்கு இன்னும் வைக்கவில்லை என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தது.

பந்தியில் சாப்பாடு வரவில்லை என்று வாய்விட்டுச் சொல்வதா, மானம் போய்விடாதா என்றன பக்கத்துக் கூடுகள். தனக்கு இரண்டு தரம் வைத்தார்கள் என்றால் அது தன் முகராசி என்றான் மினுக்கன்.

கீறல் தராசிடம் முறையிட்டது. "நிறுத்துக் கொடுத்தது சரியா என்று கேள், பதில் சொல்கிறேன்" என்றது தராசு. "யார் வாயில் போய் விழுந்தது என்பது என் இலாகா இல்லை."

புனலைக் கேட்டால், மேலே ஊற்றியதைக் கீழே விடுவதோடு தன் கடமை முடிந்தது என்றது. வாயை அழுத்தி மூடும் கருவிக்கு இரும்புக் கை, இரும்பு மனசு. மூடச் சொன்னதை மூடுவேன், திறந்து பார்க்கச் சொல்லி யாரும் என்னை வாங்கி வைக்கவில்லை என்றது. விதிப்பலகை ஐந்தாவது விதியில் இருந்தது, குறுக்கே பேசவேண்டாம் என்று கோபித்துக்கொண்டது.

மேசை டிராயருக்குள்ளிருந்து டார்ச் மட்டும் ஒரு யோசனை சொன்னது. மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வாய்க்குள்ளும் ஒரு தரம் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் போதும், யார் பட்டினி, யார் இரட்டைச் சாப்பாடு என்று தெரிந்துவிடும். அதற்காகத்தான் தன்னை வாங்கினார்கள், ஆனால் இதுவரை கட்டிலுக்கடியில் செருப்புத் தேடத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று அழுதது. டிராயர் மூடியிருந்ததால் அழுகை வெளியே வரவில்லை.

கீறலின் தலையில் ஒரு குண்டு வந்து உட்கார்ந்தது. இரும்புக் கை இறங்கியது. வாய் மூடிக்கொண்டது.

உள்ளே குண்டு தடவிப் பார்த்தது. "என்னப்பா, எனக்குப் பின்னால் ஒன்றுமே இல்லையே. யார் என்னைத் தள்ளப் போகிறார்கள்?"

கேப்பு மட்டும்தான் இருக்கிறது, அதற்கு ஒரு தும்மல் போடத்தான் பலம் என்று கீறல் சொன்னது. அந்தத் தும்மலில் நீ குழலுக்குள் பாதி வழிகூடப் போகமாட்டாய், அங்கேயே அடைத்துக்கொண்டு நிற்பாய் என்றது. பெட்டியில் கீறலுக்கு அடுத்து மினுக்கன்தான் படுத்திருந்தான். நாளைக்குத் தான் போடப்போகிற சத்தத்தைப் பற்றி விடிகிறவரை பேசிக்கொண்டே இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், புருஷன் ஜெயிப்பதைப் பார்க்க வேண்டாமா என்று டெல்பினையும் ராயன் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். காதை அடைக்கும் கவசம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. டெல்பின் அதைக் குழந்தைக்கு மாட்டிவிட்டுத் தன் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, பின்னால் தள்ளி, சிவப்புக் கொடி சாத்தியிருந்த கம்பத்தருகே நின்றாள். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் அந்தக் கொடியை உயர்த்தலாம் என்பது மைதானத்து வழக்கம். இதுவரை யாரும் உயர்த்தியதில்லை. கந்தப்பன் டீ டம்ளர் துடைக்க அதைத்தான் எடுப்பார்.

போட்டி தொடங்கியது. கூடுகள் ஒவ்வொன்றாக உள்ளே போய், இடி மாதிரி வெடித்து, கர்வத்தோடு வெளியே வந்து விழுந்தன. கீறலின் முறை வந்தது. இருட்டு. கூழ் வாசனை. நாலு விரல் தூரத்தில் அந்தக் கன்னம்.

ஊசி வந்து முதுகில் குத்தியது. கேப்பு தும்மியது.

புஸ்.

குண்டு கொஞ்ச தூரம் நகர்ந்து குழலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. காதுக் கவசத்துக்குள் ராயனுக்கு எதுவும் கேட்கவில்லை. தோளில் உதை குறைவாக இருந்ததே என்று மட்டும் யோசித்துக்கொண்டு துப்பாக்கியின் கதவைத் திறந்தார். படுத்துச் சுடுவதற்கு விரித்திருந்த பாய்மேல் கீறல் விழுந்தது. பக்கத்தில் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்த கந்தப்பன் அவர் தோளைத் தட்டி, தோட்டா சொதப்பிவிட்டது, அடுத்ததைப் போடுங்கள் என்று சைகை காட்டினார். அடுத்தது மினுக்கன்.

மினுக்கன் உள்ளே போகும்போது கீறலைப் பார்த்துச் சிரித்தான். "இதெல்லாம் ஒரு சத்தமா? இப்ப கேளு."

கீறல் பாயில் கிடந்தபடி தன் காலி வாயால் கத்தியது. வழியில் குண்டு நிற்கிறது, போகாதே, போகாதே என்று கத்தியது. குழலுக்கு எல்லாம் தெரியும். தொண்டை அடைத்துப்போனவன் என்னத்தைச் சொல்வான். கதவு மூடியது. ராயனுடைய கன்னம் மெதுவாக மறுபடி கட்டையில் சாய்ந்தது.

அந்த நேரத்தில் சிவப்புக் கொடி எழுந்தது. டெல்பினின் ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் கொடி. மைதானப் பொறுப்பாளர் பட்டாளத்தில் இருந்து வந்தவர், கொடியைக் கண்டதும் காரணம் கேட்காமல் விசிலை ஊதி, ராயனின் தோளில் கை வைத்தார். எல்லோருடைய விரலும் விசையிலிருந்து விலகியது.

ராயன் கவசத்தைக் கழற்றிவிட்டுத் திரும்பினார். குழந்தைக்கு ஏதாவதா என்று முதலில் பதறினார். இல்லை என்று தெரிந்ததும் முகம் சிவந்தது.

"சத்தம் சரியில்லைங்க" என்றாள் டெல்பின்.

"சத்தம் கம்மியா வந்தா உனக்குச் சந்தோஷம்தானே? அதுக்கு எதுக்குக் கொடி?"

கந்தப்பன் சிரித்தார். சிஸ்டர்மார் துப்பாக்கிப் பாடமும் எடுத்தார்களா என்று கேட்டார். இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். டெல்பினின் கையிலிருந்த கொடி இறங்கவில்லை.

"பாப்பா கத்திட்டு இருந்தா நான் பாட்டுக்கு அடுப்படியில நிப்பேன்" என்றாள். "சத்தமே இல்லைன்னாத்தான் போட்டது போட்டபடி ஓடுவேன். ஓடினப்பல்லாம் வாயில எதையாவது போட்டுட்டு முழிச்சுட்டுத்தான் இருந்திருக்கா. இதுவும் எதையோ முழுங்கிட்டு நிக்குதுங்க. திறந்து பாருங்க."

பொறுப்பாளர் துப்பாக்கியை, குழல் மைதானத்து மண்மேட்டைப் பார்த்தபடியே இருக்க, கையில் வாங்கினார். மினுக்கனை வெளியே எடுத்தார். கதவைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமாகக் குழலுக்குள் பார்த்தார். மறுபக்கத்து வெளிச்சம் தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. ஒரு கம்பியை விட்டு மெதுவாகத் தள்ளினார். கீறலின் குண்டு வெளியே வந்து விழுந்தது. பிறகு, ஏதோ சந்தேகத்தில், மினுக்கனின் வாயைப் பிரித்து ஒரு காகிதத்தில் கொட்டினார். கொட்டக் கொட்ட வந்துகொண்டே இருந்தது.

"சுட்டிருந்தா?" என்று கேட்டார் ராயன்.

பொறுப்பாளர் ராயனுடைய கன்னத்தில் காய்ந்திருந்த கூழைப் பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்தார்.

ராயனால் அன்று கார் ஓட்ட முடியவில்லை. டெல்பின்தான் ஓட்டிக்கொண்டு வந்தாள். பேச்சு வருவதற்கு அவருக்கு மூன்று நாள் பிடித்தது. வந்த பிறகு நிற்கவில்லை. அடுத்த வாரம் சங்கத்தில், பெரும் விபத்தொன்று தவிர்க்கப்பட்ட விதம் பற்றி அவர்தான் சொற்பொழிவு. சுட்டவர் பதறாமல் இருந்ததுதான் முக்கியம் என்று கந்தப்பன் நன்றியுரையில் சொல்லி, விழிப்புணர்வுக்கான பதக்கம் ஒன்றை அணிவித்தார். கொடியைத் துவைத்து இஸ்திரி போட்டு மேடைக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள்.

மாடி அறையிலும் ஏறக்குறைய அதே கூட்டம்தான். நிறுத்த அளவு சரியாக இருந்ததால்தான் உயிர் தப்பியது என்றது தராசு. இரும்புக் கை தன் மூடல் எவ்வளவு உறுதி என்று விளக்கியது. வயிறு காலியாகி மெலிந்துபோன மினுக்கன், தான் வெடிக்காமல் பொறுமை காத்ததை யாரும் குறிப்பிடவில்லையே என்று வருத்தப்பட்டான். புதுப் பதக்கமும் அதே ஆணியில் ஏறியது. இப்போது ஏழாவது விதியும் மறைந்தது. விதிப்பலகை ஆறோடு செருமிக்கொண்டு, நான் அப்போதே சொன்னேனே என்று முடித்தது.

கீறல் தான் சொல்ல வேண்டியதை அந்த ஒரு புஸ்ஸிலேயே சொல்லி முடித்திருந்தது.

மறுநாள் டெல்பின் மாடிக்கு வந்தாள். நிரப்புகிற நேரத்தில் போன் என்னிடம் அடுப்படியில் இருக்கட்டும் என்று புருஷனிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். டிராயரைத் திறந்து டார்ச்சை எடுத்தாள். அதை மாட்ட ஓர் ஆணி தேடினாள். கைக்கு எட்டிய ஆணி ஒன்றுதான். இரண்டு பதக்கங்களையும் கழற்றி டிராயருக்குள் போட்டாள். டார்ச்சை ஏற்றிப் பார்த்தபோது வெளிச்சம் முதல்முதலாகக் கீறலின் வாய்க்குள் விழுந்தது. அணைத்து ஆணியில் மாட்டிவிட்டு, கீழே குழந்தையின் சத்தம் கேட்கவில்லை என்று ஓடினாள்.

டார்ச் ஒல்லி. பக்கவாட்டில் ஒதுங்கித் தொங்கியது. வெகுகாலத்துக்குப் பிறகு விதிப்பலகை தன் கடைசி வரியைத் தானே குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தது. சத்தம் குறைந்தால் அடுத்ததைச் சுடாதே, குழலைப் பார்.

"அட, இது என்மேலேயேவா எழுதியிருந்தது?" என்றது.