கள்ளிமேட்டு மெட்டு

உலகநாத பூபதி என்று ஒரு ராஜா. அவருக்கு இரண்டு காது உண்டு. நடுவில்தான் ஒன்றும் கிடையாது. கடைசியாக யார் ஓதினார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார்.

அவருடைய அரண்மனைக்கு நாற்பது வருஷமாகப் பாட்டுக் கட்டியவர் வேலப்பக் கவிராயர். தாலாட்டோ, கல்யாணப் பாட்டோ, எதைக் கட்டினாலும் அவர் பிறந்த கள்ளிமேடு அதில் தலைகாட்டிவிடும். மழையே எட்டிப் பார்க்காத ஊர்தான். ஆனாலும் அவருக்கு அதுதான் உசிர்.

அதே சபையில் இருந்த ஆதிமூலப் பண்டிதருக்கு இதில் வயிற்றெரிச்சல். ஒரு எதுகைக்காக எட்டு நாள் நிகண்டைப் புரட்டுகிற மகா மேதை அவர்! அரண்மனைப் பாட்டில் வறட்டுப் பட்டிக்காட்டு வாடை அடிக்கலாமா என்று ராஜாவிடம் வத்தி வைத்தார். போதாதா? உடனே உத்தரவு வந்தது. நாளை முதல் அரண்மனைப் பாட்டில் கள்ளிமேட்டின் வாடைகூட வரக்கூடாது; வந்தால் கவிராயர் நாட்டைவிட்டே போக வேண்டும்.

கவிராயருக்கு நெஞ்சு வெந்தது. தாம் செத்தாலும் பாட்டில் ஊர் இருக்கும் என்ற நினைப்பில்தானே இத்தனை காலம் ஓட்டினார்! இருந்தாலும், உத்தரவு என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவைப் பள்ளியெழுச்சி பாடித்தான் எழுப்ப வேண்டும்; தினமும் பாடுவது கவிராயர். தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது. மறுநாள் விடிகாலை கவிராயர் வாயே திறக்கவில்லை. பண்டிதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தாமே பாடினார். ராஜா புரண்டு படுத்தார். பண்டிதர் இன்னும் இழுத்துப் பாடினார். குறட்டை வந்தது. இளவரசியைப் பெண் கேட்டு வந்திருந்த தூதர் உச்சிப்பொழுதுவரை உட்கார்ந்து பார்த்தார். தூங்குமூஞ்சி வீட்டில் சம்பந்தம் வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தாம்பூலத் தட்டோடு நடையைக் கட்டினார்.

பசி வந்துதான் பூபதி எழுந்தார். நடந்ததைக் கேட்டதும் கவிராயரை இழுத்துவரச் சொல்லி, ஊர்ப் பேரை மட்டும் விட்டுவிட்டுப் பாடியிருந்தால் என்ன என்று கத்தினார்.

"பேரை எடுத்துவிடலாம், மகாராஜா. வாடை போகாதே. மெட்டே கள்ளிமேட்டு மெட்டு."

"அப்படி என்ன பெரிய மெட்டு அது?"

கவிராயர் நிதானமாகச் சொன்னார். "எங்கள் ஊரில் சில மாடுகள் ஏர் ஓட்டும்போதே படுத்துக்கொள்ளும். அடித்தாலும் எழாது. அதுகளை எழுப்பப் பாடுகிற மெட்டு. பெரிய மகாராஜாவுக்கும் அதைத்தான் பாடினேன், உங்களுக்கும் அதைத்தான். ஒருநாளும் பொய்த்ததில்லை."

பூபதி முறைத்தார். அப்புறம் தொந்தி குலுங்கச் சிரித்துவிட்டார்.

"சரி, கவிராயரே. நாளை முதல் உம்முடைய மெட்டு, உம்முடைய ஊர்ப் பேரோடு. பண்டிதரே, நீர் ராத்திரியில் வந்து பாடும். இவ்வளவு சுகமாக நான் தூங்கியதே இல்லை."