வேனில் ஓர் ஆள் குறைந்தபோது

"என் பிழைப்பைக் கெடுத்தவன் யாருன்னு தெரிஞ்சுபோச்சு, டீச்சர்."

பிரம்மநாயகி டீச்சர் பாய் விரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு அண்ணாச்சி?"

"நான்தான்."

டீச்சர் பாயின் ஒரு முனையை அவர் பக்கம் இழுத்துவிட்டார்.

"உக்காந்து சொல்லுங்க."

பொன்னுலிங்கத்துக்கு வயது ஐம்பத்தாறு. டீச்சருக்கு நாற்பத்து நாலு. கல்யாண வீடுகளிலும் கோயில் கொடைத் திருவிழாக்களிலும் அல்போன்ஸின் மெல்லிசைக் குழுவோடு முப்பது வருஷம் புல்லாங்குழல் வாசித்தவர் பொன்னுலிங்கம். கேட்டுக் கேட்டுப் பிடித்த வித்தை போதாது என்று பத்து வருஷத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையில் இந்த மாடிப்படி ஏறி டீச்சரிடம் பாடம் கேட்க வந்தார். அதன் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை தவறியதில்லை. தன்னைவிடச் சின்னவரின் முன்னால் சம்மணமிட்டு உட்கார அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதும் இல்லை.

இன்று செவ்வாய் இல்லை. வியாழன்.

"அல்போன்ஸ் என்னைக் கூப்பிட்டு நாலு மாசம் ஆவுது. கேட்டா சீசன் இல்ல அண்ணாச்சிங்கான். போன வாரம் தச்சநல்லூர்ல ஒரு கொடை. சாமி கும்பிடப் போனேன். மேடையில பாத்தா அல்போன்ஸ் குழு. கூட்டத்துல நின்னு கேட்டேன். புல்லாங்குழல் வருது. மேடையில குழல் வச்சிருக்க ஆளையே காணோம்."

"கீபோர்டா?"

"கீபோர்டுதான். ஆனா அது நான் டீச்சர்."

டீச்சர் அவரைப் பார்த்தார்.

"மேல் காந்தாரத்துல ஒரு கரகரப்பு வருது. முன்பல் உடைஞ்சு கட்டாம கெடந்தேனே, அந்த வருஷத்துக் கரகரப்பு. காத்து ஒரு பக்கமா ஒழுகும். அது என்னோடது. வேற எவனுக்கும் வராது."

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கம்பெனி அவரைக் கூப்பிட்டது. இரண்டு நாள் வேலை. குளிரூட்டிய அறை. கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவு செய்ய ஒருவர். பாட்டு எதுவும் வாசிக்கச் சொல்லவில்லை. ஷட்ஜத்தை மட்டும் ஊதச் சொன்னார்கள். பிறகு ரிஷபத்தை மட்டும். நீளமாக, குட்டையாக, மெதுவாக, பலமாக. ஒவ்வொன்றையும் இருபது தடவை.

"எதுக்குன்னு கேட்டீங்களா?"

"கேக்கல. சாப்பாடு நல்லா போட்டாவ. கையெழுத்துக் கேட்டாவ, போட்டேன். ஊருக்கு வந்து வீட்டுக் கூரையை மாத்தினேன்."

கீழே மாவு மில்லில் மிளகாய் அரைக்கத் தொடங்கினார்கள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இருமினார்கள்.

"இப்ப எவன் ஒரு கட்டையை அமுக்கினாலும் நான் வாசிக்கேன் டீச்சர். ஊரெல்லாம் வாசிக்கேன். எனக்குத்தான் வேலை இல்ல."

டீச்சர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"சொல்லுங்க. நான் செஞ்சதை நானே அனுபவிக்கேன். அவ்வளவுதானா?"

"ஞாயித்துக்கிழமை மதியம் எங்கூடப் படிச்ச பொண்ணோட மகளுக்குக் கல்யாண வரவேற்பு" என்றார் டீச்சர். "அல்போன்ஸ் குழுதான். நீங்களும் வாங்க."

"அங்க வந்து நான் என்ன செய்ய?"

"கேக்கலாம்."

மண்டபத்தில் நல்ல கூட்டம். மேடைக்குப் பக்கத்திலேயே ஐஸ்கிரீம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுலிங்கம் தூணோரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அல்போன்ஸ் கண்ணில் படாமல் உட்கார்ந்தார். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மூன்றாவது பாட்டில் குழல் வந்தது.

மேலே ஏறியது. காந்தாரத்தில் அந்தக் கரகரப்பு. பொன்னுலிங்கத்தின் விரல்கள் அவரைக் கேட்காமலே தொடையில் அசைந்தன. டீச்சர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. யாரும் கைதட்டவில்லை.

"எப்படி இருந்துச்சு டீச்சர்?"

"நல்லா இருந்துச்சு."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. டீச்சர் கோபப்படுவார் என்று நினைத்திருந்தார். இதெல்லாம் ஒரு வாசிப்பா, உயிரே இல்லையே என்பார் என்று நினைத்திருந்தார். அதைக் கேட்கத்தான் வந்திருந்தார்.

"உயிர் இல்லலா டீச்சர்?"

"இருந்துச்சு அண்ணாச்சி. இப்ப உங்களுக்கு அவ்வளவு மூச்சு நிக்காது. அது நாப்பத்து மூணு வயசு ஆளு. அடுத்த வருஷமும் அதுக்கு நாப்பத்து மூணுதான்."

பொன்னுலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் தோத்துட்டேன்."

"ஆமா."

ஒருவர் வந்து இரண்டு பேர் கையிலும் ஐஸ்கிரீம் கப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். பொன்னுலிங்கம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். அது உருகத் தொடங்கியது.

"மேடையில யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"கீபோர்டுல அல்போன்ஸ். பாடுறவங்க ரெண்டு பேரு. வேற யாரும் இல்ல."

"முன்னால?"

"முன்னால நாங்க ஒம்பது பேரு."

"தபலா சத்தம் கேக்குதே?"

"அதுவும் மெஷின்தான். காதர் பாயை நிறுத்தி ஆறு வருஷம் ஆவுது."

"காதர் மைதீனை நிறுத்தினப்போ நீங்க என்ன சொன்னீங்க?"

"நானா? நான் என்ன சொல்ல? அல்போன்ஸ் முடிவு பண்ணினான். குழு அவன் குழு."

"எங்கிட்ட ஒண்ணு சொன்னீங்க. பாடம் முடிஞ்சு குழலைத் துடைச்சுக்கிட்டே சொன்னீங்க."

பொன்னுலிங்கத்துக்கு நினைவில்லை. நினைவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் நினைவு வந்துவிட்டது.

தபலா இரண்டும் அதன் பெட்டியும் வேனில் ஓர் ஆள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பெட்டியை ஒட்டி உட்காருபவர் பொன்னுலிங்கம். ராமநாதபுரம் வரை போய்த் திரும்பினால் முட்டி வலிக்கும்.

"இனி வேன்ல காலை நீட்டி உக்காரலாம் டீச்சர்" என்று சொல்லியிருந்தார்.

மேடையில் அடுத்த பாட்டு தொடங்கியது. அது முடியும்வரை அவர் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"நான் அதைச் சொன்னப்போ நீங்க என்ன சொன்னீங்க டீச்சர்?"

"சிரிச்சேன்" என்றார் டீச்சர்.

கையில் இருந்த கப்பை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு டீச்சர் எழுந்தார்.

"காதர் மைதீன் மேலப்பாளையத்துலதான இருக்காரு?"

"ஆமா."

"போய்ப் பாத்துட்டு வாங்க."

"நீங்களும் வாங்களேன்."

"நான் அவரோட வேன்ல போனதில்ல அண்ணாச்சி."

மறுநாள் காலையில் பொன்னுலிங்கம் மேலப்பாளையம் பஸ் ஏறினார். வெளியே கிளம்பினால் குழல் பையைத் தோளில் மாட்டுவது முப்பது வருஷப் பழக்கம். அன்றும் மாட்டியிருந்தார்.

பஸ்ஸில் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே வந்தார். அல்போன்ஸ்தான் அப்படிச் செய்தான், என் கையில் என்ன இருந்தது, என்று தொடங்கலாம். அது உண்மைதான். இரண்டு மூன்று தடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் உண்மையாகத்தான் இருந்தது. ஆனாலும் அதை எடுத்துக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது போலிருந்தது.

இறங்கிய பிறகுதான் உறைத்தது. காதர் மைதீனின் வீடு அவருக்குத் தெரியாது.

இருபத்திரண்டு வருஷம் ஒரே வேனில் போனவர்கள். வேன் பஜார் திருப்பத்தில் நிற்கும். காதர் பெட்டியோடு தயாராக நிற்பார், ஏறிக்கொள்வார். விடிகாலையில் அதே திருப்பத்தில் இறங்கிக்கொள்வார். அங்கிருந்து அவர் எந்தத் தெருவுக்குள் நடந்து போகிறார் என்று வேனில் இருந்த யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

ஒரு மளிகைக் கடையில் கேட்டார்.

"தபலா காதர் மைதீன் வீடு எது?"

"தபலாவா?" கடைக்காரர் யோசித்தார். உள்ளே திரும்பி மனைவியிடம் கேட்டார். பிறகு, "பீடி சுத்துற காதரா?" என்றார்.

கடைக்காரர் கையை நீட்டி வழி காட்டினார்.

ஒற்றை அறை வீடு. கதவு திறந்திருந்தது. வாசலை ஒட்டிச் சுவரில் சாய்ந்து காதர் மைதீன் உட்கார்ந்திருந்தார். மடியில் முறம். முறத்தில் புகையிலைத் தூளும், நறுக்கிய இலைகளும், நூல்கண்டும். இலையை எடுப்பதும் தூளை வைப்பதும் சுருட்டுவதும் நூல் கட்டுவதும் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் நடந்துகொண்டிருந்தன. தாடி முழுக்க நரைத்துவிட்டது.

"காதர் பாய்."

விரல்கள் நின்றன. காதர் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு பார்வை இறங்கித் தோளில் இருந்த குழல் பைக்கு வந்தது. காலை பதினொரு மணி. முகூர்த்த நாள். தெருமுனையில் ஏதோ கல்யாண வீட்டு ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது.

"உங்களையுமா?" என்றார்.

பொன்னுலிங்கம் தலையை அசைத்தார்.

காதர் முறத்தைக் கீழே இறக்கி வைத்தார். கையை உதறினார். பாயில் கிடந்த இலைக்கட்டுகளை எடுத்து ஓரமாக அடுக்கி, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் செய்தார்.

பொன்னுலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்தார்.

"என்னை நிறுத்தின அன்னைக்கே நீங்க வருவீங்கன்னு நெனச்சேன்" என்றார் காதர் மைதீன்.