கம்பிக்கு மேலே கை

பாளையங்கோட்டை ஜெபசிங் மாஸ்டரின் ஜிம்முக்குப் பூல்பாண்டி வர ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. ஐம்பத்தொரு வயது. இருபது வருஷம் பஸ் ஓட்டியவர். சர்க்கரை நோய் இரண்டு கண்ணையும் கொண்டு போய்விட்டது. மாஸ்டர் அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் ஜிம்முக்குள் மாஸ்டர் மாஸ்டர்தான்.

சைக்கிள் மிதித்தார், கயிறு இழுத்தார். ஒவ்வொரு மிஷினிலும் மாஸ்டர் ஒட்டிவைத்த புள்ளிகளைத் தடவிப் பார்த்து எடையை மாற்றவும் கற்றுக்கொண்டார். பெஞ்சில் மல்லாந்து படுத்து எடை மாட்டிய கம்பியைத் தூக்கச் சொன்னால் மட்டும் ஏதாவது சாக்கு. ஒரு நாள் முதுகு வலிக்கும், இன்னொரு நாள் வீட்டுக்கு மச்சான் வந்திருப்பார்.

அன்று மத்தியானம் ஜிம்மில் வேறு யாருமில்லை. சாக்கும் தீர்ந்துபோயிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவர் உண்மையைச் சொல்லிவிட்டார். முன்பு போன ஜிம்மில் துணைக்கு நின்ற ஆள், போன் வந்ததும் சொல்லாமல் வெளியே போய்விட்டான். இவருக்குக் கை தளர்ந்தது. கம்பி நெஞ்சில் இறங்கி அழுத்த, கூப்பிடக்கூட மூச்சில்லாமல் கிடந்தார். யாரோ ஓடிவந்து தூக்கினார்கள். இன்றும் படுக்க முடியாவிட்டால் நாளை முதல் வீட்டோடு இருந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

"மாஸ்டர், உங்க கை கம்பிக்கு மேல இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மாஸ்டர் அவரை எழுப்பிப் பெஞ்சின் தலைமாட்டில் நிறுத்தினார். தான் படுத்துக்கொண்டு, அவர் கைகளை இழுத்துக் கம்பியை ஒட்டி வைத்தார்.

"அறுபது கிலோ இருக்கு. எண்ணிக்கிட்டே தூக்குவேன், எண்ணுறது நின்னா பிடிச்சிருங்க."

பூல்பாண்டி வேண்டாம், கண்ணுள்ள யாராவது வரட்டும் என்று கெஞ்சினார். அதற்குள் கம்பி நகர்ந்துவிட்டது.

"ஒண்ணு" என்றது கீழிருந்து குரல். தெருவுக்கே கேட்டிருக்கும். "ரெண்டு."

ஏழு வரை வந்தது. எட்டு வரவில்லை.

பூல்பாண்டி காத்திருந்தார். கீழே மூச்சு மட்டும் சீறியது. ஒரு கணம் கை மரத்துப்போய் அசைய மறுத்தது. பிறகு குனிந்து, துழாவிக் கம்பியைப் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். இருவருமாக அதைத் தாங்கியில் சேர்த்ததும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வேணும்னுதானே நிறுத்தினீங்க?"

"இல்ல அண்ணாச்சி. நெசமாவே முடியல."

பூல்பாண்டிக்குக் கோபம் வந்தது.

"கண்ணு தெரியாதவன நம்பி, பயமில்லாம எப்படிப் படுத்தீங்க?"

"பயந்துக்கிட்டுதான் படுத்தேன். அதனாலதான் அவ்வளவு சத்தமா எண்ணினேன்."