காளை எடுத்துக்கொண்ட வேலை

மந்தனூருக்கு வழி கேட்டால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு காரணம் உண்டு. 'மந்தனூர் 2 கி.மீ.' என்று நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பலகை இருந்தது. நம் ஊர்ப் பெயர் இப்படி மழையில் நனைகிறதே என்று ஊர்க்காரர்களுக்கு மனசு கேட்கவில்லை. பிடுங்கி வந்து ஊர் நடுவில், புளியமர நிழலில் நட்டுவிட்டார்கள். அன்று முதல் மந்தனூருக்கு வந்து சேர்கிறவர்கள் எல்லாரும் பலகையைப் படித்துவிட்டு, இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கிறதாக்கும் என்று மேலே போய்விடுகிறார்கள்.

அந்த ஊரில் தாண்டவன் ஒரு மென்பொருள் கம்பெனி வைத்திருந்தான். பழைய அரிசி ஆலையின் கிடங்கு, ஒரு கம்ப்யூட்டர், அவனோடு சேர்த்து மூன்று பேர். செங்கோடன் யோசிக்காமல் எதையும் பேச மாட்டான். யோசித்துப் பேசினாலும் அப்படித்தான் இருக்கும். வள்ளிநாயகம் யோசிக்கிற வேலையே வைத்துக்கொள்ள மாட்டான், சொன்னதைச் செய்வான்.

தாண்டவனுக்கு ஓர் ஆசை இருந்தது. அதன் பெயர் பவளக்கொடி. ஊரில் உள்ள ஒரே கல்யாண மண்டபத்துக்குச் சொந்தக்காரரான சடையப்பரின் மகள்.

சடையப்பருக்கு ஒரு பழக்கம். யார் எந்தத் தேதிக்கு மண்டபம் கேட்டாலும் "சரி" என்பார். இல்லை என்ற சொல் அவர் வாயில் வராது. போன தை மாதத்தில் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாணக்காரர்கள் வந்து இறங்கி, இரண்டு நாதஸ்வரமும் எதிரெதிரே உட்கார்ந்து ஊதியதில், ஒரு வீட்டுத் தாத்தா இன்னொரு வீட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். இன்றைக்கும் அவர் அங்கேதான் இருக்கிறார். நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்களாம்.

அதனால் சடையப்பர் தாண்டவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, ஒரே நாள்ல ரெண்டு கல்யாணம் வராம பார்த்துக்கற மாதிரி கம்ப்யூட்டர்ல ஒண்ணு பண்ணிக் குடு. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள்ள வேலை செய்யறதைக் காட்டினீன்னா, அதே முகூர்த்தத்துல என் பொண்ணைக் கட்டிக்க. இல்லீன்னா செங்கல் சூளைக்காரர் பையனுக்குத்தான். அவங்களும் அதே நாளைத்தான் கேட்டுட்டு இருக்கறாங்க."

அவர்களுக்கும் சடையப்பர் "சரி" என்று சொல்லியிருப்பார் என்பது தாண்டவனுக்குத் தோன்றவில்லை. சொல்லியிருந்தது சடையப்பருக்கும் நினைவில் இல்லை.

வேலையை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தாண்டவன் கோயம்புத்தூரிலிருந்து ஒருவரை வரவழைத்தான். பெரிய கம்பெனிகளுக்கு அஜைல் முறையைச் சொல்லிக் கொடுக்கிறவர். பலகையைப் படித்துவிட்டு அவரும் இரண்டு தடவை ஊரைத் தாண்டிப் போய்விட, மூன்றாம் தடவை வள்ளிநாயகம் குறுக்கே பாய்ந்து பிடித்து வந்தான்.

"அஜைலுங்களா? எத்தனை வருசம் போடுவாங்க?" என்று செங்கோடன் கவலையாகக் கேட்டான்.

இது ஜெயில் இல்லை, நிலைமைக்குத் தக்கபடி வளைந்து கொடுத்து வேலை செய்கிற முறை என்றார் வந்தவர். வள்ளிநாயகம் உடனே வளைந்தான். அவர் பேசி முடிக்கும்வரை நிமிரவில்லை.

அவர் மத்தியானம்வரை பேசினார். பஸ் ஏறும்போது, படியில் ஒரு காலை வைத்தபடி கடைசியாக ஒன்று சொன்னார்: "எதையும் முழுசா முடிச்சுத்தான் குடுக்கணும்னு நினைக்காதீங்க. சின்னதா ஒண்ணு குடுங்க. அவங்க முகத்தைப் பாருங்க. என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு அடுத்ததைக் குடுங்க." தாண்டவன் இதை வாய்விட்டுப் பத்துத் தடவை சொல்லி மனப்பாடம் செய்துகொண்டான்.

மறுநாள் காலையில் முதல் கூட்டம். தினமும் நின்றபடியே பேசவேண்டும். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், வழியில் என்ன தடை என்று மட்டும் சொல்லவேண்டும் என்பது உத்தரவு. மூன்று பேரும் நின்றார்கள். சொல்லவேண்டியதைச் சொன்னார்கள். பிறகும் நின்றார்கள்.

"கூட்டம் முடிஞ்சுதா?" என்றான் தாண்டவன்.

"நின்னுட்டிருக்கறோமே, எப்படி முடியும்?" என்றான் செங்கோடன். "உட்கார்ந்தாத்தான் முடிஞ்சதா அர்த்தம்."

"அப்ப உட்காரலாமா?"

"கூட்டம் நடக்கறப்ப உட்காரக் கூடாதுன்னு சொல்லியிருக்காரே."

தாண்டவன் யோசித்துப் பார்த்தான். செங்கோடன் சொன்னதில் ஓர் ஓட்டையும் தெரியவில்லை. வெயில் கூரையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயிற்று. கடைசியில் வள்ளிநாயகம் தூங்கிச் சரிந்து விழுந்ததில்தான் கூட்டம் கலைந்தது. அன்றிலிருந்து தினமும் கூட்டத்தை முடித்துவைப்பது அவன் பொறுப்பு என்று முடிவாயிற்று. அவனும் தினமும் குறையில்லாமல் விழுந்தான்.

அடுத்தது கதை. பயன்படுத்தப்போகிறவரின் கதையை முதலில் கேளுங்கள், பிறகு கதைக்குக் கதை அது எவ்வளவு கடினம் என்று புள்ளி வையுங்கள் என்று கோயம்புத்தூர்க்காரர் சொல்லியிருந்தார். மூன்று பேரும் சடையப்பர் வீட்டுக்குப் போய், "மாமா, உங்க கதையைச் சொல்லுங்க" என்றார்கள்.

சடையப்பரை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பிறந்ததிலிருந்து ஆரம்பித்தார். பனைமரத்திலிருந்து விழுந்தது, விழுந்த இடத்தில் ஏற்கெனவே விழுந்து கிடந்த ஒருவரைச் சந்தித்தது, அவருடைய தங்கையையே கல்யாணம் செய்துகொண்டது என்று கதை போயிற்று. செங்கோடன் விசும்பி விசும்பி அழுதான். ரொம்பக் கடினமான கதை என்று எல்லாருக்கும் பட்டது. அதனால் நிறையப் புள்ளி வைத்தார்கள். வாசலில், கோலப்பொடியால், தெருமுனை வரைக்கும்.

மறுநாள் விடியற்காலை வாசல் தெளிக்க வந்த பவளக்கொடி, யாரோ புள்ளியை வைத்துவிட்டுக் கோடு போட மறந்துவிட்டார்கள் என்று நினைத்து எல்லாவற்றையும் இழுத்துச் சேர்த்துவிட்டாள். தாண்டவன் வந்து பார்த்துப் பிரமித்து நின்றான். இத்தனை கடினமான கதையை ஒரே ஆளாக முடித்திருக்கிறாளே. இவளைக் கட்டிக்கொண்டால் கம்பெனி எங்கேயோ போய்விடும்.

ஆடி பிறந்தது. வேலையை இரண்டிரண்டு வாரமாகப் பிரித்துக்கொண்டு ஓடுங்கள், ஓட்டத்தின் முடிவில் நின்று செய்ததைத் திரும்பிப் பாருங்கள் என்பதும் உத்தரவுதான். ஆனால் ஒரே ஆள் நிற்கவும் ஓடவும் முடியாதே என்று விவாதம் எழுந்தது. ஓடுவதற்கு ஒருவன், நிற்பதற்கு இருவர் என்று பிரித்துக்கொண்டார்கள். வள்ளிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். ஓட்டம் முடிந்த அன்று தருமபுரியிலிருந்து போன் செய்தான்.

"திரும்பிப் பார்த்தேன் தாண்டவா. ஊரே தெரியலை."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். ஒரு டீக்கடைதான் தெரியுது."

அதையும் மனசில் குறித்துக்கொண்டு, அடுத்த ஓட்டத்தை அங்கிருந்தே தொடங்கச் சொன்னான் தாண்டவன்.

இங்கே கிடங்குச் சுவரில் மூன்று பத்தி வரைந்து, 'செய்ய வேண்டியது', 'செய்வது', 'முடிந்தது' என்று எழுதி, ஒவ்வொரு வேலையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி முதல் பத்தியில் ஒட்டியிருந்தார்கள். அம்மியே பறக்கும் என்கிற ஆடிக் காற்றுக்குச் சீட்டு எம்மாத்திரம்? ஒருநாள் கதவைத் திறந்து பார்த்தால் அத்தனை சீட்டும் 'முடிந்தது' பத்தியின் ஓரமாகப் போய்ச் சுவர் மூலையில் அப்பிக்கொண்டிருந்தது.

செங்கோடன் ரொம்ப நேரம் பார்த்தான். "காத்து நம்மைவிட வேகமான ஆளுடா" என்றான்.

தாண்டவனுக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது. கல்யாணத்துக்கு எந்தச் சட்டை போடுவது என்று யோசிக்கத் தொடங்கியபோதுதான் ஒரு சீட்டைக் காணோம் என்று தெரிந்தது. அதுவும் எது? 'ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வராமல் தடுப்பது' என்ற சீட்டு.

வெளியே ஓடினார்கள். தெருவில் கோயில் காளை நின்றுகொண்டிருந்தது. யாருக்கும் கட்டுப்படாத காளை. சாமிக்கு விட்டது என்பதால் ஒருவரும் அதை அதட்டக்கூட மாட்டார்கள். சீட்டு அதன் வாயில் இருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சீட்டை மென்று விழுங்கிற்று.

"எடுத்துக்கிச்சு" என்றான் செங்கோடன்.

"என்னது?"

"வேலையை. யாருக்கு எந்த வேலை பிடிக்குதோ, அவங்களே சீட்டை எடுத்துக்கணும்னு கோயம்புத்தூர்க்காரர் சொன்னாரில்ல? எடுத்துக்கிட்டவங்க கிட்ட இருந்து பிடுங்கக் கூடாதுன்னும் சொன்னாரு."

தாண்டவனுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. தன் கல்யாணமே அந்த ஒரு வேலையில் தொங்குகிறது. ஆனால் காளையின் முகத்தில் ஒரு நிதானம் தெரிந்தது. கம்பெனியில் வேறு யார் முகத்திலும் அது இல்லை.

மறுநாள் முதல் காளையும் கூட்டத்துக்கு வந்தது. வரவழைப்பதற்கு வாழைப்பட்டை காட்டவேண்டியிருந்தது. மற்றபடி தொந்தரவு இல்லை. நிற்பதில் அதை யாரும் மிஞ்ச முடியவில்லை. நேற்று என்ன செய்தாய் என்று கேட்டால் தலையை ஆட்டும். தடை ஏதாவது உண்டா என்று கேட்டால் வாலால் ஓர் ஈயைக் காட்டும். தாண்டவன் உடனே அந்தத் தடையை நீக்குவான். முடிவில் அது தானாகப் படுத்து அசைபோடும்; கூட்டம் முடிந்துவிடும். வள்ளிநாயகம் ஊரில் இல்லாத குறையே தெரியவில்லை.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சடையப்பர் கிடங்குக்கு வந்தார். "காட்டு தம்பி" என்றார்.

தாண்டவன் கம்ப்யூட்டரைப் போட்டான். அவன் செய்து வைத்திருந்தது சின்னதாக ஒன்றுதான். திரையில் பெயரைத் தட்டினால் பதில் வரும். சடையப்பர் ஒரு விரலால் தன் பெயரைத் தட்டினார். 'வணக்கம் சடையப்பர்' என்று வந்தது. அவர் மறுபடி தட்டினார். மறுபடி வந்தது. இருட்டும்வரை தட்டினார். தாண்டவன் கோயம்புத்தூர்க்காரர் சொன்னபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை தடவை வந்தாலும் சலிக்காம கும்பிடுதே. என் சொந்தக்காரங்க கூட இப்படிக் கும்பிட்டதில்லை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் சடையப்பர். பிறகுதான் நினைவு வந்தது. "ஆமா, அந்த ரெண்டு கல்யாண விசயம்?"

"அதைக் காளை எடுத்துக்கிட்டிருக்குதுங்க மாமா."

"வேலை செய்யுமா?"

"நாளைக்குத் தெரிஞ்சிருமுங்க."

"சரி" என்றார் சடையப்பர். அவருக்கு வேறு சொல்லத் தெரியாது.

மறுநாள் காலை மண்டபம் நிறைந்துவிட்டது. கல்யாணமானாலும் கூட்டத்தை விடக் கூடாது என்று செங்கோடன் சொன்னதால், மாப்பிள்ளைக் கோலத்தில் தாண்டவனும் அவனும் காளையும் மண்டப வாசலிலேயே நின்று பேசினார்கள். வாசலின் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம் கட்டியிருந்தது. காளைக்கு அது கட்டியிருப்பது தனக்குத்தான் என்று புரிந்துவிட்டது. தாண்டவனை உள்ளே கூப்பிட்டார்கள், அவன் போனான். காளை போகவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்று ஒரு மரத்தைத் தின்னத் தொடங்கியது.

அப்போதுதான் மேளதாளத்தோடு இரண்டாவது ஊர்வலம் வந்தது. செங்கல் சூளைக்காரர், அவர் பையன், பின்னால் நான்கு வேன். சடையப்பர் வாசலுக்கு ஓடிவந்து பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்து தலையில் கையை வைத்துக்கொண்டார்.

மணமேடையில் நின்றபடியே தாண்டவன் எட்டிப் பார்த்தான். சூளைக்காரர் காளையை நகரச் சொன்னார். கெஞ்சினார். சாமி மாடு என்பதால் கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடி கெஞ்சினார். அது முதல் மரத்தை முடித்துவிட்டு நிதானமாக இரண்டாவது மரத்துக்குத் திரும்பியது. இலை, தண்டு, குலை என்று அது ஒழுங்காக வேலை செய்து முடிப்பதற்குள் நல்ல நேரம் முக்கால்வாசி கழிந்துவிட்டது. சகுனம் சரியில்லை என்று சூளைக்காரர்கள் வேன்களைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

செங்கோடன் மடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, 'முடிந்தது' என்று எழுதி, காளையின் கொம்பில் ஒட்டினான்.

மிச்சமிருந்த நல்ல நேரத்தில் உள்ளே கெட்டிமேளம் கொட்டியது. தாண்டவன் தாலியை எடுத்துப் பவளக்கொடியின் கழுத்தில் ஒரு முடிச்சுப் போட்டான். மீதி முடிச்சைப் போட அவன் அக்கா கையை நீட்டினாள். தாண்டவன் அவள் கையைத் தடுத்து நிறுத்தினான். இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்தான்.

"இந்த ஓட்டத்துக்கு இவ்வளவுதானுங்க. எப்படி இருக்குது?"

பவளக்கொடியும் மந்தனூர்ப் பெண்தான். முடிச்சைத் தடவிப் பார்த்து நன்றாக யோசித்தாள்.

"முடிச்சு நல்லாத்தான் இருக்குதுங்க. மஞ்சள்தான் கொஞ்சம் மங்கல். அடுத்ததுல பாத்துக்குங்க."

"அப்ப எனக்கு இவர் மாப்பிள்ளையா, இல்லையா?" என்று சடையப்பர் கேட்டார்.

"மூணுல ஒரு பங்கு மாப்பிள்ளைங்க" என்றான் செங்கோடன். "மிச்சம் ரெண்டு வாரம் கழிச்சு."

"சரி" என்றார் சடையப்பர்.

சமையற்காரர் கரண்டியோடு வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பந்தி உட்கார்ந்தது. இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தார்கள், இலை ஓரத்தில் உப்பு வைத்தார்கள். அத்தோடு சமையற்காரர் கையை உயர்த்திப் பரிமாறுகிறவர்களை நிறுத்திவிட்டு, வரிசையாக ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு வந்தார்.

மொத்தப் பந்தியும் உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் எல்லாருக்குமாகச் சடையப்பர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது. உப்புதான் கொஞ்சம் தூக்கல்."