முந்நூற்றறுபது வரை மீட்டர் உள்ள கார்

பூசாரிவலசில் ஒரு கார் ரசிகர் மன்றம் இருக்கிறது. உறுப்பினர்கள் நான்கு பேர், கார் ஒன்று. அந்த ஒன்றும் மாவு மில் நாச்சிமுத்துவுடையது. கார் வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருக்கிறது. மில் வாசலில் நின்று நின்று மாவு படிந்ததில், அது இப்போது உண்மையாகவும் ஆகிவிட்டது.

மன்றத்துக்குத் தலைவர் இரும்புக்கடை வையாபுரி. அவர் பேசுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வார். யோசிக்கிறார் என்று எல்லோரும் நம்பித் தலைவராக்கிவிட்டார்கள். மூன்றாவது ஆள் போர்டு எழுதும் சென்னியப்பன். நான்காவது ஆள் மயில்சாமி. மன்றத்திலேயே பெரிய போன் அவனிடம் இருந்ததால் உலகச் செய்திகளுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு.

பங்குனி மாதம் ஒரு நாள் மயில்சாமி மூச்சிரைக்க மில்லுக்குள் ஓடி வந்தான்.

"புது மாடல் வருதாமா! வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் யாருக்கும் தெரியாமச் செஞ்சுட்டு இருக்கறானாமா!"

"யாருக்கும் தெரியாமச் செய்யறது உனக்கெப்படித் தெரிஞ்சுது?" என்றான் நாச்சிமுத்து.

"எனக்கு மட்டுமில்ல, பதினஞ்சு லட்சம் பேரு பாத்திருக்கறாங்க. வதந்தின்னு தலைப்புலயே போட்டிருக்குது. அவ்வளவு நேர்மையான ஆளுங்க, பொய்யா சொல்லப் போறாங்க?"

நான்கு தலைகளும் போன் மேல் கவிழ்ந்தன. படத்தில் ஒரு கார், மேலிருந்து கீழ்வரை கறுப்புத் துணி போர்த்தி நின்றது. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைப் பிடிக்க மூன்றே செகண்டாம். மீட்டரில் முந்நூற்றறுபது வரைக்கும் நம்பராம். எடையைப் பாதியாகக் குறைத்ததால்தான் இத்தனை வேகமாம்.

நாச்சிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. அவனுடைய காரும் கார்தான். ஆனால் அது நூறைப் பிடிக்க எவ்வளவு நேரமாகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அது இன்னும் பிடிக்கவில்லை.

"அந்தக் கார் வர்ற வரைக்கும் நாம காத்திருக்கோணுமா?" என்று ஏக்கத்தோடு கேட்டான்.

வையாபுரி கண்ணை மூடித் திறந்தார். "எதுக்குக் காத்திருக்கறது? அவன் என்னென்ன பண்ணியிருக்கறான்னு அவனே சொல்லிப்போட்டான். அதையெல்லாம் நாமளும் பண்ணுனா இதே காரு அந்தக் காராயிடும்."

யாருக்கும் இதில் குற்றம் தெரியவில்லை. அன்றைக்கே வேலை ஆரம்பமாயிற்று.

முதலில் துணி. சென்னியப்பன் பந்தல் கடையிலிருந்து கறுப்புத் துணி வாங்கி வந்து காரைக் கண்ணாடியோடு சேர்த்துப் போர்த்தினான். நான்கு பேரும் உள்ளே புகுந்தார்கள், நாச்சிமுத்து ஓட்டினான். எதிரே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தெரிந்தது, வைக்கோல் போர். நான்கு பேரும் வைக்கோலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்கள்.

"துணி போர்த்துனா வண்டி வேகமாப் போவுதுங்கறது மட்டும் உறுதி. இல்லாட்டி வைக்கப்போரு இவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா?" என்றார் வையாபுரி. இருந்தாலும் வைக்கோல்காரர் தடியோடு வந்துகொண்டிருந்ததால் துணியை எடுத்துவிட்டார்கள்.

அடுத்து எடை.

"நம்ம காரு மெதுவாப் போறதுக்கு என்ன காரணம் தெரியுமா?" என்று கேட்டார் வையாபுரி. "அதுல காரு அதிகமா இருக்குது."

கழற்ற ஆரம்பித்தார்கள். கதவு எதற்கு? ஏறி இறங்க. ஓடுகிற காரில் எவன் ஏறி இறங்குவான்? நான்கு கதவும் போயின. ஹாரன் எதற்கு? நாம் போகிற வேகத்துக்குச் சத்தம் பின்னால்தான் வரும், யாருக்குப் பிரயோஜனம்? ஹாரனும் போயிற்று. பின் சீட்டும் போயிற்று. சீட்டு போனதும் பின்னால் உட்கார இடமில்லாமல் இரண்டு அரிசி மூட்டைகளைப் போட்டு, அவற்றின் மேல் சென்னியப்பனும் மயில்சாமியும் வசதியாக உட்கார்ந்தார்கள்.

பிரேக்கைக் கழற்றலாம் என்றபோது மட்டும் நாச்சிமுத்து தடுத்தான். "பிரேக் இல்லாம எப்படீங்க நிறுத்தறது?"

"நிறுத்தறதுக்கு எதுக்கப்பா வேகமான காரு?" என்று ஒரே போடாகப் போட்டார் வையாபுரி.

நல்ல வேளையாக அந்த நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் அவர்களிடம் இல்லை. பிரேக் தப்பித்தது. ஊரும் தப்பித்தது.

கடைசியாக மீட்டர். பழைய மீட்டரில் நூற்றிருபது வரைக்கும்தான் நம்பர் இருந்தது. சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, ஒவ்வொரு நம்பரையும் மூன்றால் பெருக்கி எழுதினான். இருபது இருந்த இடத்தில் அறுபது, நாற்பது இருந்த இடத்தில் நூற்றிருபது, கடைசியில் முந்நூற்றறுபது. கோயில் நோட்டீஸ் எழுத்து மாதிரி அத்தனை அழகு. கீழே கொஞ்சம் இடம் வெறுமையாக இருந்ததே என்று, ஓடிய தூரத்தைக் காட்டும் சின்னக் கட்டத்தின் மேல் ஒரு தாமரைப் பூவையும் வரைந்துவிட்டான்.

சோதனை ஓட்டத்தில் ஊசி நூற்றிருபதைத் தொட்டபோது நாச்சிமுத்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டான். மயில்சாமி காப்பாற்றச் சொல்லிக் கந்தசாமி தெய்வத்தைக் கூப்பிட்டான். வையாபுரி கண்ணை மூடினார், ஆனால் அது யோசிக்க இல்லை. அந்த நேரம் பார்த்து பால்கேன் கட்டிய மொபெட் ஒன்று அவர்களைத் தாண்டிப் போயிற்று.

"அட சாமி! பால்காரரு நூத்தி முப்பத்தஞ்சுல போறாரு!" என்று கத்தினான் சென்னியப்பன்.

"பால் திரிஞ்சிராது?" என்று கவலைப்பட்டான் மயில்சாமி.

கொஞ்ச தூரம் ஒரு செவலை நாய் காரோடு சேர்ந்து ஓடி வந்து, சலித்துப்போய் நின்றுகொண்டது. நூற்றிருபதில் ஓடுகிற நாய் நம் ஊரில் இருக்கிறதே என்று நான்கு பேருக்கும் பெருமை தாங்கவில்லை.

இதோடு விட்டிருந்தால் பாதகமில்லை. அந்த வாரக் கடைசியில் நாச்சிமுத்துவின் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. அவனுக்கு இருக்கிறது ஒரே தங்கச்சி, பூங்கொடி. குலதெய்வம் கோயிலில் தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் காது குத்தவேண்டும். மாமன் வாங்கிய தோட்டைப் போடவேண்டும். மாமன் ஒரே மாமன், மடியும் ஒரே மடி.

முதல் நாளே பூங்கொடி மில்லுக்கு வந்து சொன்னாள். "அண்ணா, கோயிலு முப்பது கிலோமீட்டரு. விடியக் காலைல நாங்க வேன்ல கெளம்பறோம், நீயும் எங்ககூடவே வந்துரு."

"தாய்மாமன் வேன்ல வந்தா நல்லாவா இருக்கும் கண்ணு? நம்ம வண்டில வந்து எறங்கறேன் பாரு."

"அண்ணா, நல்ல நேரம் பத்தரையோட முடியுது. நீ வராமப் போனா எங்க மாமியா சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. என்ற மானம் உன்ற கைலதான் இருக்குது." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாச்சிமுத்துவுக்கும் கலங்கிற்று. தங்கச்சி அழுதால் அவனால் தாங்க முடியாது. "பத்து மணிக்கு அங்க இருப்பேன். என்னை நம்பு" என்றான்.

அவள் போனதும் மன்றம் கூடியது. முப்பது கிலோமீட்டர். நூற்றிருபது வேகம். வையாபுரி கண்ணை மூடி, விரலை மடக்கி, "கால் மணி நேரம்" என்று தீர்ப்புச் சொன்னார். "பத்துக்குப் போய்ச் சேர ஒம்பதே முக்காலுக்குக் கெளம்புனாப் போதும். முன்னாடியே போய் நின்னா மாமனுக்கு மரியாதை இல்ல."

மறுநாள் எட்டு மணிக்கே குளித்து, பட்டு வேட்டி கட்டி, தோட்டுப் பெட்டியை ஜேபியில் போட்டுக்கொண்டு நாச்சிமுத்து தயாராகிவிட்டான். தயாரானதும் ஒரு பயம் வந்தது, அவசரத்தில் முன்னாலேயே கிளம்பிவிட்டால் என்ன செய்வது? ஒன்பதே முக்கால் வரை நான்கு பேரும் காரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு கிளம்பினார்கள். ஊசி நூற்றிருபதை விட்டு அசையவில்லை. சரியாகப் பத்து மணிக்கு வையாபுரி, "நிறுத்து, கோயில் வந்திருச்சு" என்றார்.

நாச்சிமுத்து நிறுத்தினான். கோயில் இல்லை. ஒரு புளியமரமும் அதன் கீழ் இளநீர்க் குவியலும், அதற்குப் பின்னால் இளநீர் விற்கும் ஒரு அம்மாவும்தான்.

"ஏனுங்கம்மா, இங்க ஒரு கோயிலு இருக்கோணுமே?"

கோயில் பெயரைக் கேட்ட அந்தம்மா, "அதுக்கு இன்னும் எவ்வளவோ போகோணுமுங்க. நீங்க பூசாரிவலசா? மூணுல ஒரு பங்குதான் வந்திருக்கறீங்க" என்றாள்.

நாச்சிமுத்து விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். வந்தது முப்பது கிலோமீட்டர், அது மீட்டர் சொன்ன கணக்கு. அதுவே மூன்றில் ஒரு பங்கு என்றால் மொத்தம் தொண்ணூறு. நேற்று வரை முப்பதாக இருந்த வழி இன்றைக்கு எப்படித் தொண்ணூறாயிற்று?

நான்கு பேரும் புளிய மரத்தடியில் தீவிரமாக ஆலோசித்தார்கள்.

"யாராச்சும் கோயிலைத் தள்ளி வெச்சுட்டாங்களோ?" என்றான் சென்னியப்பன்.

"கும்பாபிஷேகம் பண்ணாமக் கோயிலை நவுத்த மாட்டாங்க" என்றான் மயில்சாமி.

வையாபுரி இந்த முறை வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். "வெயில்ல தண்டவாளம் நீளும்னு படிச்சிருக்கறமா இல்லியா? ரோடு மட்டும் நீளாதா? பங்குனி வெயிலு. ரோடு நீண்டுபோச்சு."

எல்லோரும் ரோட்டைப் பார்த்தார்கள். வெகுதூரம் வரை பளபளத்துக்கொண்டு கிடந்தது. நீளமாகத்தான் இருந்தது.

"இப்பப் போனா நாம போகப் போக அது நீண்டுட்டே இருக்கும். பேசாம இங்கயே இருப்போம். சாயங்காலம் வெயிலு தாழ்ந்தா ரோடு சுருங்கும், கோயிலு தானாக் கிட்ட வந்துரும்" என்று முடித்தார் வையாபுரி.

"நல்ல நேரம் பத்தரையோட முடியுதுங்களே!" என்று நாச்சிமுத்து அலறியபோது அவனுடைய போன் அடித்தது. பூங்கொடி.

"அண்ணா, எங்க இருக்கற?"

நாச்சிமுத்து ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். இளநீர்க்கடைப் புளியமரத்தைச் சொன்னான், ரோடு நீண்டதைச் சொன்னான், சாயங்காலம் சுருங்கும் என்றும் ஆறுதல் சொன்னான். பூங்கொடி பிறந்ததிலிருந்து அவனுக்குத் தங்கச்சி. ஆகவே அவள் எதுவும் கேட்கவில்லை.

"அண்ணா, நீ இருக்கற இடத்துலயே இரு. அசையாத" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

நாச்சிமுத்து போன் பேசிக்கொண்டே டிரைவர் சீட்டில் வந்து உட்கார்ந்திருந்தான். அப்படியே இருந்தான். மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தது, ஓட்டவில்லை. சென்னியப்பன் இளநீர் நீட்டினான், வாங்கவில்லை. தங்கச்சி சொன்னது அது ஒன்றுதான், அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டுமே என்று அவன் மனசு அடித்துக்கொண்டது.

பத்தரைக்கு இன்னும் ஐந்தாறு நிமிஷம் இருக்கும்போது, ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு பழைய வேன் வந்து நின்றது. பூங்கொடி குழந்தையோடு குதித்தாள். பின்னாலேயே மாப்பிள்ளையும் மாமியாரும், கையில் ஊசியோடு ஆசாரியும், தேங்காய் பழத் தட்டோடு நாலைந்து பெண்களும் இறங்கினார்கள்.

"கோயில விட்டுப்போட்டு நடு ரோட்டுலயா காது குத்துவாங்க?" என்று மாமியார் ஆரம்பித்தார்.

"சாமி எல்லா எடத்துலயும் இருக்குதுங்கத்தே. என்ற அண்ணன் மடி இங்க மட்டுந்தான் இருக்குது" என்றாள் பூங்கொடி.

"எறங்கு மச்சான்" என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். நாச்சிமுத்து அசையவில்லை. அசையாதே என்று சொல்லியிருக்கிறாளே. கடைசியில் குழந்தையைக் கொண்டுவந்து ஸ்டியரிங்குக்கும் அவனுக்கும் நடுவில் மடியில் உட்கார வைத்தார்கள். கார்க் கதவு இல்லாதது அப்போதுதான் உபயோகப்பட்டது. ஆசாரி ஒரு பக்கமாக வந்து ஒரு காதைக் குத்தினார், காரைச் சுற்றிப் போய் மறு பக்கமாகச் சாய்ந்து மறு காதைக் குத்தினார். குழந்தை வீறிட்டது. ஹாரன் இல்லாத குறை தீர்ந்தது.

தோடு போட்டாயிற்று. நல்ல நேரம் முடிய இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. மாமியாருக்குச் சொல்லிக் காட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. பூங்கொடி அண்ணனின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்துவிட்டு அழுதாள், சிரித்தாள். நாச்சிமுத்துவும் குழந்தையை அணைத்துக்கொண்டு அழுதான். அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அப்போதுதான் வையாபுரி கண்ணைத் திறந்தார்.

"கோயிலு இங்கிருந்து அறுபது கிலோமீட்டரு. வேன் வர எவ்வளவு நேரமாச்சு?"

"இருவது நிமிசம்" என்றான் மயில்சாமி.

"அப்படின்னா நூத்தி எம்பது!"

நான்கு பேரும் வேனைத் திரும்பிப் பார்த்தார்கள். பம்பரைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. மயில்சாமி ஓடிப் போய் டிரைவர் பக்கத்து ஜன்னலில் தலையை நுழைத்து மீட்டரைப் பார்த்தான். ஊசி பூஜ்யத்தில் நின்றது.

"டிரைவரண்ணா, ஓடறப்ப ஊசி எங்க நிக்குமுங்?"

"அது பூஜ்யத்தை விட்டு நவுந்து அஞ்சு வருசமாச்சுங்க" என்றார் டிரைவர்.

மயில்சாமி தள்ளாடித் திரும்பி வந்து, நாச்சிமுத்துவின் காதில் சொன்னான். "பூஜ்யத்துலயே நூத்தி எம்பதுடா. அந்த வண்டி இன்னும் வேகம் எடுக்கவே ஆரம்பிக்கல!"

நாச்சிமுத்து குழந்தையை இறுகப் பிடித்துக்கொண்டான். வேனில் ஏறப்போன தங்கச்சியைப் பார்த்துக் கத்தினான்.

"கண்ணு, அதுல ஏறாத! புள்ளைய வெச்சுக்கிட்டு அந்த வேகமெல்லாம் நமக்கு ஆகாது. நம்ம வண்டில வந்து உக்காரு. இது பொறுமையா நூத்தியிருவதுலதான் போகும்!"